கடந்த காடும் குடியேறிய காடும்: மலையகத் தமிழர் பற்றிய எழுத்தில் வன்னி

மலையகத் தமிழரின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலேயே நிலைகொள்கின்றன. ஒன்று, பஞ்சமும் கடனும் சாதியொடுக்குமுறையும் மலிந்த தமிழகக் கிராமம். மற்றது, கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்த மத்திய மலைநாடு. இவ்விரண்டிற்கும் இடையே கடலும் காடும் உள. கடலுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிடுகின்றது. காட்டுக்கு ஒரு பந்தி கிடைப்பதே அரிது. கிடைக்கும் பந்தியும் நோய், வனவிலங்கு, சாவு என்ற மூன்று சொற்களோடு முடிந்து, அடுத்த வரியிலேயே மாத்தளை வந்துவிடுகின்றது.

அக்காடு பெயரற்ற காடன்று. மன்னாரிலிருந்து மதவாச்சி நோக்கிச் செல்லும் பழைய வடபாதை வன்னிப் பெருநிலப்பரப்பின் தென்மேற்கு விளிம்பை, இன்று வவுனியா மாவட்டத்தில் அடங்கும் செட்டிகுளப் பகுதியை, ஊடறுத்துச் செல்வது. இப்பாதையால் நடந்து மலையேறியோரின் சந்ததியினருள் ஒரு பகுதியினர், ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட காலம் கழிந்தபின், அதே வன்னிக்கு வீடிழந்தோராய் வந்துசேர்ந்தனர். முன்னோர் கடந்த காடு பின்னோர் குடியேறிய காடாயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகளாக நோக்கிய எழுத்து தமிழில் மிகக் குறைவு. இக்குறை தற்செயலானதா, அன்றி வரலாற்றையும் இலக்கியத்தையும் வகைப்படுத்தும் முறையிலேயே உறைந்துள்ளதா என்பது ஆராயத்தக்கது.

முதலிற் பாதையை நோக்குதல் வேண்டும். 1820களிற் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கை 1840களிற் பெருந்தொழிலாக விரிந்தது. அதற்குத் தேவையான உழைப்பு திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தது. வள்ளங்களில் மன்னார்க் கரையை அடைந்தோர் கங்காணியின் பின்னே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். ஏறத்தாழ 150 மைல் தூரம். அதற்கப்பாலும் கண்டி, கம்பளை, புசல்லாவை என நடை நீண்டது.

பொதுமக்கள் மத்தியில் வழங்கும் வரலாறு இந்நடையை ஒரே தடவை நிகழ்ந்த பெரும் புறப்பாடாகச் சித்திரிக்கின்றது. கூட்டமாக வந்தனர், காட்டில் மாண்டனர், எஞ்சியோர் மலையிற் தங்கினர் என்பது அதன் அமைப்பு. கோப்பிக் காலத்தைப் பொறுத்தவரை இது பிழையான சித்திரம். கோப்பி பருவப் பயிர். ஆவணிக்கும் கார்த்திகைக்கும் இடைப்பட்ட பறிப்புக் காலத்திலேயே அதற்குப் பெருந்தொகையான கைகள் தேவைப்பட்டன. ஆதலின் வந்தோரிற் பலர் ஆடவர். பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பியோர். மறுவருடம் மீண்டும் வந்தோர். அவர்கள் காட்டை ஒருமுறையன்று, பலமுறை கடந்தனர்.

இவ்வுண்மை சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் வன்னியின் இயற்கையோடு சேர்த்து நோக்கும்போது அதன் பொருள் விளங்கும். பறிப்புக்கு முன்னர் வந்துசேர வேண்டுமாயின் ஆனி, ஆடி மாதங்களில் நடத்தல் வேண்டும். வன்னியிற் குளங்கள் வற்றிச் சேறாகும் காலம் அது. குடிக்கத் தகாத நீரைக் குடித்தோரை வாந்திபேதி பற்றியதில் வியப்பில்லை. திரும்பும் நடையோ மார்கழி, தை மாதங்களுக்குரியது. வடகீழ்ப் பருவமழை பெய்து, தேங்கிய நீரில் நுளம்பு பெருகி, மலேரியாக் காய்ச்சல் மிகும் காலம் அது. வரும்போது நீரின்மையும் போகும்போது நீர்மிகுதியும் கொன்றன எனலாம். 'காட்டில் மாண்டனர்' என்ற ஒரு வாக்கியம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது. காடு கொல்லவில்லை. கோப்பிப் பருவமும் வன்னிப் பருவமும் முரண்பட்ட அட்டவணையிலே மனிதரை நடக்கவைத்த தொழில்முறையே கொன்றது.

இன்னொன்று, நடையே கடனாகியமை. ஊரிற் கொடுத்த முன்பணம், வள்ளக் கூலி, வழிச் சோறு யாவும் தொழிலாளியின் பெயரிற் கங்காணியாற் பற்று எழுதப்பட்டன. வழியில் ஒருவர் இறப்பின் அவர் கடன் உறவினர் தலையில் ஏறுவதும் உண்டு. தோட்டத்தை மாற்ற விரும்பினும் கடன் விபரம் எழுதிய 'துண்டு' கூடவே சென்றது. இத்துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. எனவே தோட்ட வாழ்வின் முதல் நாள் மலையில் விடியவில்லை. மன்னார்க் கரையிலேயே விடிந்துவிட்டது. வன்னியை வெறும் வழியாகவும் தோட்டத்தையே வரலாறு நிகழும் களமாகவும் கொள்ளும் எழுத்து, சுரண்டலின் தொடக்கத்தை 150 மைல் தள்ளிவைத்துக் காண்கின்றது.

இப்பாதை பற்றிய செய்திகளைத் தந்தோர் யார் என்ற வினாவும் எழுதல் வேண்டும். வீதியோரத்திற் கிடந்த சடலங்கள், நடக்கமாட்டாதவரைச் சிறிது அரிசியோடும் நீரோடும் விட்டுச் செல்லுதல் போன்ற காட்சிகள் நூலுக்கு நூல் மீள வருகின்றன. இவற்றின் மூலங்கள் துரைமார், அரச அலுவலர், பத்திரிகையாளர் ஆகியோரின் எழுத்துகளே. 1849இல் 'கொழும்பு ஒப்சேர்வர்' பத்திரிகை, 1840களில் வந்த தொழிலாளருட் காற்பங்கினர், ஏறத்தாழ 70,000 பேர், இறந்தனர் என மதிப்பிட்டது. இத்தொகை பற்றி ஆய்வாளர் வாதிட்டு வந்துள்ளனர். வந்தோர் தொகைக்கும் திரும்பியோர் தொகைக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு இறந்தோரைக் கணிப்பது எத்துணை இடர்மிக்கது என்பது வெளிப்படை. ஆனால் வாதத்தின் இரு தரப்பினரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. எண்ணுவதற்குக் கிடைப்பது தொகை மட்டுமே, பெயர் இல்லை.

நேற்றாலுக்கும் பீஜிக்கும் சென்ற தமிழரோடு ஒப்பிடும்போது இது தெளிவாகும். 1860 தொடக்கம் 1911 வரை நேற்றாலுக்குச் சென்ற ஒன்றரை இலட்சம் இந்தியரைப் பற்றிய கப்பற் பதிவேடுகள் உள. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், உடலில் உள்ள அடையாளம் வரை அவை கூறும். ஒப்பந்த முறை கொடியது. அதனை அடிமை முறையின் புத்துருவம் எனக் காட்டிய ஹியூ டிங்கரின் நூல் 1974இல் வெளிவந்தது. எனினும் அக்கொடுமையே தன் தேவைக்காக எழுதிவைத்த ஏட்டிலே இன்று பேரப்பிள்ளைகள் பாட்டன் பெயரைத் தேடிக் காண்கின்றனர். மன்னாரில் இறங்கி நடந்தவருக்கு அத்தகைய ஏடு கிடையாது. கங்காணி முறையில் ஒப்பந்தப் பத்திரம் இல்லை. அதனாற் பதிவும் இல்லை. இது 'சுதந்திர' உழைப்பு எனத் தோட்ட முதலாளிகளாற் பாராட்டப்பட்டது. ஏட்டிற் பெயரின்றிச் சாவதற்கான சுதந்திரம் அது என்பது கடுமையான கூற்றன்று.

இனி இலக்கியத்திற்கு வருதல் பொருந்தும். பெயர்ப் பதிவு இல்லாதவிடத்து நினைவே பதிவாதல் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இவ்வகையிற் கிடைத்தற்கரிய ஆவணம். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி., தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர். பாடல்களை வெளியாரின் ஆர்வத்தோடன்றி உரித்தாளியின் அக்கறையோடு தேடியவர். இப்பாடல்களில் விட்டுவந்த ஊரும் தோப்பும் உள, கப்பல் உண்டு, கங்காணியும் துரையும் உளர், மழையும் அட்டையும் கொழுந்துக் கூடையும் உள. ஆனால் கரைக்கும் மலைக்கும் நடுவேயுள்ள நிலம் பாடலின் பொருளாக அரிதாகவே நிற்கின்றது. இதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. நாட்டார் பாடல் தொழிலோடு பிறப்பது. நாற்று நடும்போதும் கொழுந்து பறிக்கும்போதும் தாலாட்டும்போதும் வாழ்வது. நடையில் அத்தகைய மீளச்செய்யும் தொழில் இல்லை. இறந்தவருக்கு ஒப்பாரி வைக்கவும் கூட்டம் நிற்கவில்லை. மேலும், கோப்பிக் காலத்து ஆடவரின் நினைவுகளிற் பெரும்பகுதி அவர்களோடு ஊர் திரும்பிவிட்டது. தேயிலைக் காலத்திற் குடும்பமாக வந்து தங்கியோரின் நினைவே மலையகத்தின் நினைவாயிற்று.

தேயிலைக் காலத்தில் வழியும் மாறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் வழி முதன்மை பெற்றது. 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின் மண்டபம் முகாமிற் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்டோர் புகைவண்டியில் வன்னியைக் கடந்தனர். முன்னோர் நாட்கணக்கில் நடந்த நிலம் பெட்டி யன்னலுக்கு வெளியே சில மணி நேர இருளாயிற்று. 1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும், 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும் இப்பிற்காலச் சூழலிற் கால்கொண்டவை. திருநெல்வேலிச் சீமைக் கிராமத்தின் சாதிக் கொடுமையையும் இலங்கைத் தோட்டத்தின் பாலியற் கொடுமையையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கண்டது புதுமைப்பித்தனின் சாதனை. அச்சங்கிலியில் நடைக்கு இடமில்லை. அவர் காட்டிய காலத்தில் அதற்கு அவசியமும் இல்லை. அவரைக் குறைகூறுதல் பொருந்தாது. குறை, 'துன்பக்கேணி'யின் நிலப்படத்தையே மலையக இலக்கியத்தின் முழு நிலப்படமாக ஏற்றுக்கொண்ட பிற்காலத்தவருடையது. மு. சிவலிங்கத்தின் 'பஞ்சம் பிழைக்க வந்த சீமை' போன்ற நாவல்கள் முதல் வருகைக் காலத்தை நோக்கித் திரும்பியமை அண்மைக்கால நிகழ்ச்சியே.

மலையிலிருந்து வன்னியைப் பார்த்த எழுத்து இவ்வாறிருக்க, வன்னியிலிருந்து எழுந்த எழுத்து யாது கூறுகின்றது? 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூல் கைவிடப்பட்ட குளங்களையும் நோயையும் குறைந்த சனத்தொகையையும் காட்டுவது. ஆளற்ற நிலம் என்ற இப்படிமம் பின்னர் குடியேற்றத் திட்டங்களுக்கு நியாயமாயிற்று. இரணைமடுக் குளத்தின்கீழ் 1930களில் தொடங்கிய குடியேற்றமும், சுதந்திரத்தின் பின்னரான மத்தியதர வகுப்பார் திட்டங்களும், முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களில் உருவான திட்டங்களும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து பலரை வன்னிக்குக் கொணர்ந்தன. ஈழத்து நாவலில் வன்னி புகுந்தமை இச்சூழலிலேயாகும்.

1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்புக் காட்டையும் குளத்தையும் நம்பி வாழ்வோரின் உலகைக் காட்டியது. காட்டின் தடமும் வேட்டையின் நுணுக்கமும் அறிந்தவர் எழுதிய நாவல் அது. மண்வாசனை என்ற சொல் மலிவாக வழங்கிய காலத்திலும் அச்சொல்லுக்குத் தகுதியானது. செங்கை ஆழியானின் 'காட்டாறு' வன்னி விவசாயிகள் அலுவலராலும் வணிகராலும் சுரண்டப்படுவதைப் பொருளாகக் கொண்டது. தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' குடாநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சியிற் காடு திருத்திய தலைமுறையின் கதை. மூன்றும் வெவ்வேறு தரத்தன, வெவ்வேறு நோக்கின. எனினும் பொதுவானதொன்று உண்டு. வன்னியில் இருந்தோர், வன்னிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் ஆகிய இரு சாராருக்கிடையிலேயே இவற்றின் உலகம் பெரிதும் இயங்குகின்றது. மூன்றாவதொரு சாரார் வன்னிக்கு வந்தனர் என்பது நாவலின் மையப் பொருளாக வளரவில்லை.

அம்மூன்றாம் சாராரின் வருகை ஒரேநாளில் நிகழ்ந்ததன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் தீர்மானித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. மனிதரைப் பங்கிட்ட இக்கணக்கின் விளைவாக, தலைமன்னாருக்குச் செல்லும் புகைவண்டி மீண்டும் வன்னியின் விளிம்பைக் கடந்தது, இம்முறை எதிர்த்திசையில். பிரிவோரின் ஓலத்தால் அதனை 'அழுகைக் கோச்சி' என வழங்கினர். அவ்வண்டியில் ஏற மனமில்லாதோரும், ஏறும்வரை காத்திருக்க வழியில்லாதோரும் இருந்தனர். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தை அடுத்துப் பல தோட்டங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டனர். 1958, 1977, 1981, 1983 வன்செயல்கள் ஒவ்வொன்றின் பின்னும் குடும்பங்கள் வடக்கு நோக்கி வந்தன.

அவர்கள் வந்தபோது வன்னி வெறுங்காடாக இருக்கவில்லை. 1970 முதல் 1977 வரையான அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதாற் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் நல்ல விலை கிடைத்த காலம் அது. கிளிநொச்சி, விசுவமடு, முத்தையன்கட்டுப் பகுதிகளில் மிளகாய்ச் செய்கை பெருகிற்று. மிளகாய் கோப்பியைப் போன்றது. நாற்று நடவும், களை எடுக்கவும், இறைக்கவும், குறிப்பாகப் பழம் ஆயவும் ஏராளமான கைகளை வேண்டுவது. அக்கைகள் எங்கிருந்து வந்தன என்ற வினாவை அக்காலத்து 'வன்னியின் எழுச்சி' பற்றிய எழுத்துகள் உரத்துக் கேட்கவில்லை. கமக்காரர் காணியின் மூலையிற் கொட்டில் போட்டுத் தங்கி, நாட்கூலிக்கு உழைத்த மலையகக் குடும்பங்கள் அக்கைகளிற் கணிசமானவை. துரையும் கங்காணியும் இருந்த இடத்தில் இங்கே முதலாளி ஒருவரே இருந்தார். அவரும் தமிழ் பேசினார். இதுவே வேறுபாடு.

இவ்விடத்தில் ஓர் இலக்கண நுட்பம் துணைபுரியும். வன்னிக் குடியேற்றம் பற்றிய நினைவுக் குறிப்புகளிலும் மலர்க் கட்டுரைகளிலும் 'காடு வெட்டிக் கழனியாக்கினோம்' என்ற வாக்கியம் பல வடிவங்களில் வருவது. முதலிற் குடியேறியோரைப் பொறுத்தவரை இது முழு உண்மை. யானைக்கும் காய்ச்சலுக்கும் இடையே அவர்கள் தம் கையாலேயே வெட்டினர். அவ்வுழைப்பைச் சிறுமைப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. ஆனாற் பிற்காலத்துப் பெருங்காணிகளைப் பொறுத்தவரை பொருத்தமான வினை 'வெட்டினோம்' என்பதன்று, 'வெட்டுவித்தோம்' என்பதாகும். பிறவினை தன்வினையாக மாறும்போது எழுவாய் ஒன்று காணாமற்போகின்றது. காணாமற்போன எழுவாயே வன்னி எழுத்தில் மலையகத் தமிழர்.

அவ்வெழுவாய்க்கு ஊர்கள் உண்டு. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான்நகர், சாந்தபுரம் முதலியனவும், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல குடியிருப்புகளும் பெருமளவிற்கு மலையகத்திலிருந்து வந்தோரால் நிறைந்தவை. இவற்றுட் பல நகரத்தின் ஓரத்திலும், நீர்ப்பாசன வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்திலும் அமைந்தமை கவனிக்கத்தக்கது. குளத்தின்கீழ் வயல் ஒருசாராருக்கும், அவ்வயலிற் கூலி வேலை மறுசாராருக்குமாகப் பங்கிடப்பட்டது. மேட்டுக் காணிக்கும் பலரிடம் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருக்கவில்லை. குடியுரிமையே ஐயத்திற்கிடமாக இருந்த காலத்தில் வந்தவர் அரச காணிக்கு எவ்வாறு உரிமை கோருவர்? 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமைச் சிக்கலைப் பெருமளவிற்குத் தீர்த்தபின்னரும் காணிச் சிக்கல் அதனோடு சேர்ந்து தீரவில்லை.

காந்தியம் இயக்கத்தின் வரலாறு இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், வைத்தியர் சோ. இராஜசுந்தரம் ஆகியோரின் முன்னின்ற உழைப்பால் 1970களின் பிற்பகுதியில் வவுனியாவை மையமாகக் கொண்டு இயங்கிய இவ்வமைப்பு, 1977 வன்செயலால் இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்களை வன்னியிற் குடியமர்த்தியது. பாலர் பாடசாலைகளையும் நடமாடும் மருத்துவ சேவையையும் நடத்தியது. 1983 ஏப்ரிலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ற் பாம் ஆகிய பண்ணைகளிற் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. அங்கே சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு கொண்டுவந்து இருத்தப்பட்டனர். நவம்பர் 30இல் விடுதலைப்புலிகள் நடத்திய தாக்குதலில் அவர்களுட் பலர் கொல்லப்பட்டனர். இப்பண்ணைகளின் பெயர் இன்று அரசியற் கட்டுரைகளில் இரு தரப்பினராலும் எடுத்தாளப்படுகின்றது. ஒருவர் வெளியேற்றத்தையும் மற்றவர் படுகொலையையும் நினைவூட்டுவர். கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் வீடு எரிந்து வந்து, அங்கே சில வருடங்கள் பயிரிட்டு, மீண்டும் விரட்டப்பட்ட அக்குடும்பங்கள் பின்னர் எங்கே சென்றன என்பது இரு தரப்பு எழுத்துக்கும் அத்துணை முக்கியமாக இல்லை.

காந்தியத்தின் தொண்டைப் போற்றுவோர் அதன் நிழலையும் காணுதல் நேர்மை. தமிழரின் பாரம்பரிய நிலத்தின் எல்லையைக் காத்தல் என்ற அரசியல் நோக்கு அக்காலத்துக் குடியேற்ற முயற்சிகளோடு பிணைந்திருந்தது. எல்லையிலே நிற்கவேண்டியவர் யார்? வீடிழந்து வந்த மலையகத் தமிழர். குடாநாட்டின் மத்தியதர வகுப்பினர் அவ்வெல்லைக்குத் தம் பிள்ளைகளைக் குடும்பத்தோடு அனுப்ப முன்வந்தமை அரிது. தமிழர் என்ற வகையில் எல்லைக்கு அழைக்கப்பட்டவர், கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் கலியாணப் பேச்சிலும் 'தோட்டக்காட்டார்', 'வடக்கத்தியார்' எனப் பிரித்துப் பேசப்பட்டனர். இச்சொற்கள் கல்வியறிவில்லாதோரின் வாயில் மட்டும் வழங்கின எனக் கூறித் தப்ப இயலாது.

திறனாய்வின் பொறுப்பு இங்கேதான் எழுகின்றது. 1950களின் பிற்பகுதியிலிருந்து ஈழத்துத் திறனாய்வு தேசிய இலக்கியம் என்ற கோட்பாட்டை முன்வைத்து, பிரதேசங்களின் வாழ்வை இலக்கியத்தில் ஏற்க வழிசெய்தது. மலையகத்தின் சிறுகதைகள் 'கதைக்கனிகள்' என்ற தொகுதியாக 1971இல் வெளிவந்தமையும், வன்னி நாவல்கள் அதனையடுத்த சில ஆண்டுகளிற் கவனம் பெற்றமையும் அச்சூழலின் பயன்களே. அதன் நன்மை பெரிது. ஆனால் அக்கோட்பாடு நாளடைவில் பெட்டிகளாக இறுகிற்று. மலையக இலக்கியம் எனில் லயமும் கொழுந்தும் பெரட்டும் வேண்டும். வன்னி இலக்கியம் எனில் குளமும் வேட்டையும் சூடுமிதிப்பும் வேண்டும். கிளிநொச்சியின் ஓரத்திற் கொட்டிலிட்டு வாழும் ஒருவரின் பேச்சிலே தோட்டத்துச் சொல்லும் வன்னிச் சொல்லும் கலந்தே வரும். அவர் லயத்தில் இல்லை; ஆதலால் மலையகத்தவரல்லர். அவருக்குக் குளத்தின்கீழ் வயல் இல்லை; ஆதலால் வன்னியாருமல்லர். பிரதேசத்தை அலகாகக் கொண்ட திறனாய்வு, பிரதேசம் விட்டுப் பிரதேசம் துரத்தப்பட்டவரைக் காணும் கண்ணை இழந்துவிட்டது.

இதற்கு விடையாக வன்னியின் மலையக மக்களுக்கெனத் தனியொரு பெட்டி செய்வது போதாது. தேவைப்படுவது பாதையை அலகாகக் கொள்ளும் வாசிப்பு. அவ்வாறு வாசிப்பின் 'தூரத்துப் பச்சை'யும் 'பச்சை வயல் கனவு'ம் அருகருகே வைக்கத்தக்க நூல்களாகும். இரண்டிலும் ஒரு பச்சை மக்களை அழைக்கின்றது. முதலாவது பச்சையிலே கூலியாக நின்றவரின் மக்கள் இரண்டாவது பச்சையிலும் கூலியாகவே நின்றனர். இரண்டாவது நூல் யாருடைய கனவைக் கூறுகின்றது, யாருடைய கனவைக் கூறவில்லை என்ற வினா முதலாவதைப் படித்தவருக்கே எழும். தாமரைச்செல்வியின் நாவலுக்கு இது குற்றச்சாட்டாகாது. எந்த நாவலும் எல்லோரின் கனவையும் கூறக் கடப்பாடுடையதன்று. எழுதப்படாத நாவல் எது என்பதைச் சுட்டுதல் திறனாய்வின் வேலை.

2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டையொட்டி, யூலை 28இல் தலைமன்னாரிற் தொடங்கிய நடைபவனி ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. பழைய வடபாதையை மக்கள் மீண்டும் காலால் அளந்த நிகழ்ச்சி அது. புத்தகங்கள் ஒரு பந்தியிற் கடந்த நிலத்தைக் கடக்க அவர்களுக்குப் பதினாறு நாட்கள் சென்றன. அந்நடையால் வடபாதை பொது நினைவிற்குத் திரும்பியது. எனினும் அந்நடையும் கரையிலிருந்து மலைக்கே சென்றது. மலையிலிருந்து மீண்டும் காட்டுக்கு வந்த இரண்டாம் பயணத்திற்கு அத்தகைய திசையோ, தொடக்கமோ, வந்துசேர்ந்த நாளோ குறிக்க இயலாது. அது லொறியிலும் புகைவண்டியிலும் பேருந்திலும் இரவோடிரவாக, குடும்பம் குடும்பமாக நிகழ்ந்தது.

அவ்விரண்டாம் பயணமும் வன்னியில் முடிவடையவில்லை. 1990களிலும் அதன் பின்னரும் போர் மக்களை ஊருக்கு ஊர் துரத்தியபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளின் மலையகக் குடும்பங்களும் ஏனையோரோடு ஓடின. 2009இல் முள்ளிவாய்க்கால்வரை சென்று, உயிர் எஞ்சியோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்ட பெருமுகாம் செட்டிகுளத்தின் மெனிக் பாம். 2012 செப்டெம்பரில் அது மூடப்படும்வரை இலட்சக்கணக்கானோர் அதனூடாகச் சென்றனர். அரச ஏடுகளிலும் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளிலும் அவர்கள் அனைவருக்கும் ஒரே பெயர்: உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் வீதி அம்முகாமிலிருந்து தொலைவில் இல்லை. அம்முகாமிற் தண்ணீருக்கு வரிசையில் நின்றோருள், தம் கொள்ளுப்பாட்டன் அவ்வீதியால் நடந்துதான் மலைக்குப் போனான் என்பதைக் கேட்டறிந்தோர் சிலராவது இருந்திருப்பர். அதனை எழுதிவைக்க அங்கு எவரும் வரவில்லை.